தாய் முள்ளம்பன்றியின் உதடுகள்

தாய் முள்ளம்பன்றியின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. சற்குணம் பொத்தானை அழுத்திய இடம் அப்படி. திரை முழுக்க அந்த வாய்தான். இரண்டு நீளப் பல், ரோஜா நிறத்தில் ஒரு நாக்கு, நாக்கின் மேல் யாரோ மெனக்கெட்டு வரைந்த சின்ன மினுமினுப்பு. எங்கேயோ கடலுக்கு அப்பால் எடுத்த கார்ட்டூன் படம் அது. குடும்பத்தோடு பார்க்கலாம் என்று போஸ்டரிலேயே போட்டிருக்கிறார்கள். அந்த வாய்க்குள் தமிழ் வைக்க வேண்டியவள் நான். "பதினஞ்சு நிமிஷம் டீ," என்கிறார் சற்குணம், ஒலிப்பதிவு மேஜை முன்னால் நாற்காலியோடு சுழன்று. "மேடம், அதுக்குள்ள சொல்லிடுங்க. இருக்கிற டயலாக்கே போதுமா, மாத்தணுமா? பன்னெண்டுக்கு ரெஜினா சீரியலுக்குப் போகணும். சாயங்காலம் படத்தை அனுப்பியாகணும்." நான் தலையை ஆட்டுகிறேன். எழுபத்தொரு வயதில் தலை தானாகவே ஆடுகிறது, சம்மதத்துக்கும் மறுப்புக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. மணி பதினொன்று பத்து. டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள். சாலிகிராமத்தின் இந்தச் சந்தில் எல்லாம் மாறிவிட்டது, டீயில் இஞ்சி மட்டும் மாறவில்லை. முதல் வாய் தொண்டையில் இறங்கும்போது ஒரு சின்னச் சந்தோஷம், காரணமில்லாமல். அதை அனுபவித்து முடிப்பதற்குள் அந்த வசனம் மறுபடி வந்து நிற்கிறது. நானே எழுதிய வசனம். என் கையெழுத்தில், நீல மையில், எழுபத்தெட்டாம் பக்கத்தில்.

காட்சி இதுதான். குட்டி முள்ளம்பன்றி தாயிடம் கேட்கிறது, "என்னை உனக்குப் பிடிக்குமாம்மா?" தாய் சொல்கிறது, "அந்த முள்ளு மட்டும் இல்லேன்னா உன்னைக் கொஞ்சியே தீத்திருப்பேன்." குட்டி சொல்கிறது, "அப்ப எல்லா முள்ளையும் பிடுங்கிடறேம்மா!" முதுகிலிருந்து ஒன்றைப் பிடித்து இழுக்கிறது. ஆ என்று கத்துகிறது. ஸ்பிரிங் தெறிக்கிற மாதிரி ஒரு சத்தம். கிளையில் உட்கார்ந்திருக்கும் மூன்று ஆந்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கின்றன. அவ்வளவுதான். அடுத்த காட்சியில் எல்லோரும் ஆற்றைக் கடக்கப் போய்விடுகிறார்கள். எழுதும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அதுதான் வெட்கம். அனுப்பி வைத்த வசனத் தாளில் இருந்ததை அப்படியே தமிழாக்கினேன், உதடு மூடுகிற இடங்களில் ம, ப வைத்தேன், முடிந்தது வேலை. தாய்க்குக் குரல் கொடுப்பவள் ரெஜினா. குட்டிக்குக் குரல் கொடுப்பவள் அவளுடைய மகள் பெனிட்டா. எட்டு வயது. அம்மாவோடு ஸ்டுடியோ ஸ்டுடியோவாக அலைந்து, மைக்குக்கு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதைக் கூட்டல் கழித்தலுக்கு முன்பே கற்றுக்கொண்டவள். ரெஜினா தன் வசனத்தை முதல் டேக்கிலேயே முடித்துவிட்டாள். பெனிட்டா ஹெட்போனில் அதைக் கேட்டுக் கேட்டு மூன்று டேக் சொன்னாள். நான்காவதற்குச் சொல்லாமல் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, கனமான கதவை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, சற்குணத்திடம் போகாமல், அம்மாவிடமும் போகாமல், என்னிடம் வந்து கேட்டாள். "மிஸ், முள்ளைப் பிடுங்கினா அம்மாவுக்குப் பிடிச்சிடுமா?" அழுகையோ கோபமோ இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல். ரெஜினாதான் சிரித்தாள். "ஏய் பெனி, அது அம்மா இல்லடி. முள்ளம்பன்றி." பெனிட்டா திரும்பிப் பார்த்தாள். "குரல் உன்னோடதுதானே?" அப்போதுதான் சற்குணம் டீ சொன்னார்.

குரல் உன்னோடதுதானே. எழுத்து என்னோடதுதானே என்று அவள் என்னைக் கேட்கவில்லை, அந்த மட்டும் தப்பித்தேன். இதோ இந்த 'மட்டும்'. முள்ளு மட்டும் இல்லேன்னா. இந்த வார்த்தை நாக்கில் சாதாரணமாகத்தான் இருக்கிறது, காதுக்குள் போனதும் கொக்கியாக மாறிவிடுகிறது. படம் நெடுக இந்த மாதிரிக் கொக்கிகள்தான். ஒன்றரை மணி நேரப் படத்தில் பதினோரு இடத்தில் யாராவது குசு விடுகிறார்கள், நான் எண்ணினேன். ஏழாவது முறை எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன். அது இருந்துவிட்டுப் போகட்டும், குழந்தைகளுக்கு அதில் ஒரு குறையும் வராது. தேரை வில்லனாக வருகிறது, அதற்குத் திக்குவாய். திக்கும்போதெல்லாம் மற்ற மிருகங்கள் சிரிக்கின்றன. குண்டாக இருக்கிற கீரி பாலத்தில் ஏறினால் பாலம் உடைகிறது, மூன்று முறை, மூன்று வேறு வேறு பாலம். இப்படி எல்லோரையும் கேலி செய்து முடித்த பிறகு கடைசி ஐந்து நிமிஷத்தில் ஒரு கிழட்டு ஆமை வந்து, நீ நீயாக இருப்பதே அழகு என்று சொல்கிறது. அதுவும் இரண்டு தடவை, ஒரு தடவை பாட்டாக. இதை எழுதியவர்களுக்குக் குழந்தைகள் யாரும் இல்லையா, இல்லை அவர்களே ஒருநாளும் குழந்தைகளாக இருக்கவில்லையா? வாக்கியங்களுக்கு மூச்சே இல்லை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து அதன் காலை மிதிக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் கல்லூரியில் இங்கிலீஷ் கவிதை நடத்தியவள் நான், வரி எங்கே மூச்சு வாங்குகிறது என்று பெண்களுக்குக் காட்ட மேஜையை விரலால் தட்டித் தட்டி நகம் தேய்ந்தவள். ஓய்வு பெற்ற பிறகு இந்த வேலை தற்செயலாக வந்தது. வந்த முதல் நாளே காதலித்துவிட்டேன். நான் எழுதி முயல் பேசியிருக்கிறது. ரயில் எஞ்சின் பேசியிருக்கிறது. ஒருமுறை ஒரு டீ கெட்டில், மூடியைத் திறந்து மூடி, என் தமிழில் தன் காதலைச் சொன்னது. அதை நினைத்தால் இப்போதும் பஸ்ஸில் தனியாகச் சிரிக்கிறேன். அப்படிப்பட்ட சந்தோஷமான வேலையில் ஒரு கொக்கியை நானே வளைத்துக் கொடுத்திருக்கிறேன்.

கொக்கி எனக்குப் பழக்கமில்லாததா? ஒன்பது வயது. சாத்தூரில் சித்தி கல்யாணம். மாப்பிள்ளையை எதிர்கொள்ள ஏழு பெண் குழந்தைகள் வரிசையாக விளக்குப் பிடித்து நிற்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே பச்சைப் பாவாடை. எட்டாவதாக நான் இருந்தேன். எனக்கும் பாவாடை தைத்திருந்தார்கள், விளக்கு மட்டும் இல்லை. அம்மாவிடம் கேட்டேன். அம்மா பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள், "நீ மட்டும் ஒரு பிடி வெளுத்திருந்தா உன்னையும் நிக்க வச்சிருப்பாங்கடி." பொய் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை, பூவின் காம்பைக் கிள்ளுகிற மாதிரிச் சொன்னாள். நான் கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் போனேன். செங்கல்லை உடைத்துப் பொடி செய்தேன். தேங்காய் நாரால் இடது கையைத் தேய்த்தேன், முழங்கையிலிருந்து கீழே, பாத்திரம் விளக்குவது போல, அடிப்பிடித்த இடத்தை விளக்குவது போல. முதலில் எரிந்தது, அப்புறம் எரியவில்லை. ரத்தம் வந்தபோதுகூட அதன் அடியில் சிவப்பாக ஒரு கை இருக்கிறது, இன்னும் கொஞ்சம் தேய்த்தால் வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அம்மா வந்து பார்த்தாள். சிரித்தாள். வீடு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தாள். அன்றைக்கே பந்தியில் எல்லோருக்கும் சொன்னாள். அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்திலும் இந்தக் கதை இல்லாமல் இலை எடுத்ததில்லை. என் கல்யாணத்தில் சொன்னாள். என் கணவரின் சாவுக்கு வந்த இடத்தில், பதினாறாம் நாள், என்னைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று சொன்னாள். ஒவ்வொரு தடவையும் நானும் சிரித்தேன், முதல் ஆளாக. இந்த ஆந்தைகள் மாதிரி.

அதனால்தான் பயமாக இருக்கிறது. குசுவுக்குப் பயமில்லை. லட்சம் குழந்தைகள் பார்க்கப் போகிற படம், அதில் ஒரு குழந்தை, ஒன்றே ஒன்று போதும், வீட்டுக்குப் போய்த் தன் முள் எது என்று தேடும். முடியாக இருக்கலாம், மூக்காக இருக்கலாம், பேசும்போது வருகிற திக்காக இருக்கலாம். அது தன்னைப் பிடுங்கிக்கொள்ளும்போது வலிக்கும், வலித்தால் யாராவது சிரிப்பார்கள் என்று ஏற்கெனவே படத்தில் பார்த்திருக்கும், ஆகையால் அழாது. அந்த ஒரு குழந்தை இங்கேயே இருக்கிறது. அதோ, சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து பன்னை டீயில் முக்குகிறது. இடது பக்கக் கடைவாயால் மட்டும் மெல்லுகிறது. "பல்லு ஆடுதா?" என்கிறேன். பெனிட்டா வாயைத் திறந்து காட்டுகிறாள். முன்பல் ஒன்று, நாக்கால் தள்ளினால் கதவு மாதிரித் திறந்து மூடுகிறது. "நேத்துலேந்து ஆடுது மிஸ்." ரெஜினா போனிலிருந்து தலையைத் தூக்காமல், "சாயங்காலம் நூல் கட்டி இழுத்துடறேன், ச சொன்னா காத்து வருது," என்கிறாள். "வேணாம். அதுவா விழும்." "எப்ப விழும்? அடுத்த படம் வந்துடும்டி." "அதுவா விழுந்தாத்தான் கூரை மேல போடலாம்." "நம்ம வீட்டுக்கு எங்கடி கூரை? மேல ரெண்டு மாடி இருக்கு." "சன்ஷேடு இருக்குல்ல? அது மேல போடுவேன். அங்க அணிலெல்லாம் வருது." சற்குணம் கேட்கிறார், "அணில் பல்லை எடுத்துட்டு என்ன பண்ணும் பெனி?" "எடுத்து வச்சுக்கும் அங்கிள். அதுக்கும் விழுமில்ல?" சொல்லிவிட்டு அவளே சிரிக்கிறாள், பிறகு எல்லோரும் சிரிக்கிறோம். இந்தச் சிரிப்பில் கொக்கி இல்லை. எதனால் இல்லை? பெனிட்டாதான் முதலில் சிரித்தாள், அவள் சிரிப்புக்குள் நாங்கள் போனோம், அதனாலா? அப்படியானால் நானும்தானே பந்தியில் முதலில் சிரித்தேன்? இல்லை, நான் முதலில் சிரித்தது முந்திக்கொள்வதற்காக. அடி விழுவதற்கு முன்னால் தானே கையை நீட்டுகிற மாதிரி.

மணி பதினொன்று பதினெட்டு. "சற்குணம், அந்த இடத்தை ஒருதரம் ஓட்டுங்களேன், சத்தம் இல்லாம." சத்தத்தோடு பார்த்தால் இங்கிலீஷ் குரல் வந்து என் காதைப் பிடித்துக்கொள்கிறது. வசனம் யோசிக்கும்போது நான் எப்போதும் ஊமைப் படமாகத்தான் கேட்பேன், ஆனால் இந்தப் படத்துக்கு அவசரத்தில் அதைச் செய்யவில்லை. தாளைப் பார்த்து எழுதினேன், அளவை மட்டும் படத்தில் சரி பார்த்தேன். பாட்டை வாயைத் திறக்காமல் மனப்பாடம் செய்கிற மாணவிகளைத் திட்டியவள் செய்கிற வேலையா இது? ஓடுகிறது. குட்டியின் முகம், கேள்வி கேட்கிறது, காது இரண்டும் பின்னால் போகின்றன. வெட்டு. தாயின் முகம். வாய் அகலத் திறக்கிறது, மூடுகிறது, மறுபடி அகலத் திறக்கிறது. ஒரு சின்ன நிறுத்தம். பிறகு இரண்டு தரம் குவிகிறது, முத்தம் கொடுக்கப் போவது போல. மூடி, மூடியபடியே நீளுகிறது. அது புன்னகை. "இன்னொரு தடவை." ஓடுகிறது. இந்த முறை வாயைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்றால் வாய்க்குப் பின்னால் ஏதோ அசைகிறது. தாயின் முதுகு. விறைத்து நிற்கிற முட்கள், பழுப்பும் வெள்ளையுமாக நூறு இருக்கும், வாய் முதல் தரம் திறக்கும்போதே மடங்கத் தொடங்குகின்றன. கழுத்துப் பக்கம் இருப்பவை முதலில், அப்புறம் தோள், அப்புறம் கீழே, காற்றில் நெல் சாய்வது போல, ஒவ்வொன்றாக, எல்லாம் படுத்துவிடுகின்றன. வாய் மூடுவதற்குள் அந்தத் தாயின் முதுகு வழவழவென்று ஆகிவிட்டது. பிள்ளை குத்துப்படாமல் வந்து சாய்வதற்கு. "இதை யார் வரஞ்சது?" என்கிறேன். சற்குணம் என்னைப் பார்க்கிறார். "அதெல்லாம் எங்க மேடம் தெரியும்? கடைசில ஸ்கிரீன்ல ஆயிரம் பேரு ஓடும்."

அந்த ஆயிரம் பேரில் ஒருத்தி. ஒருத்தன். யாரோ ஒரு ஆள், ஏதோ ஒரு ஊரில், மேஜை விளக்கின் கீழே உட்கார்ந்து இந்த நூறு முள்ளையும் மடக்கியிருக்கிறார். ஒரு நொடிக்கு இருபத்து நாலு படம், நாலு நொடி, கணக்குப் போட வேண்டாம், மலைப்பாக இருக்கும். அந்த ஆளிடமும் இதே வசனத்தைத்தான் கொடுத்திருப்பார்கள். முள்ளு மட்டும் இல்லேன்னா. அந்த ஆள் வசனத்தைப் படித்துவிட்டு, மேலதிகாரியோடு சண்டை போடாமல், ஒரு வார்த்தை பேசாமல், அம்மாவின் முள்ளை மடக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். எழுதியவர்கள் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. நானும் பார்க்கவில்லை. என் மார்புக்குள் ஏதோ ஒன்று குதிக்கிறது. இந்த வயதில் மார்புக்குள் எதுவும் குதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், குதிக்கட்டும். சத்தத்தை எடுத்துவிட்டால் என்னவெல்லாம் தெரிகிறது. சத்தத்தை எடுத்துவிட்டால், சாத்தூர்க் கொல்லையில். வேண்டாம். இல்லை, பார்க்கிறேன். அம்மாவின் அந்தச் சிரிப்பை, ஐம்பது கல்யாணத்தில் கேட்டு மெருகேறிப்போன சிரிப்பை, ஒரு தடவை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன். அம்மா கொல்லை வாசலில் நிற்கிறாள். வாய் திறந்திருக்கிறது, அதை விடு. மடியில் இருந்த பூவெல்லாம் கீழே கொட்டுகிறது. எழுந்த வேகத்தில் அப்படியே வந்திருக்கிறாள். ஓடுகிறாள். அடுப்படிக்கு ஓடி, எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து, வழியெல்லாம் சிந்திக்கொண்டு வருகிறாள். என் கையைப் பிடிக்கிறாள். அவள் கை நடுங்குகிறது. எண்ணெய் காயத்தில் படவில்லை, என் பாவாடையில் வழிகிறது, பச்சைப் பாவாடையில் கறுப்பாக ஒரு திட்டு. அந்தத் திட்டு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அது எப்படி வந்தது என்றுதான் இத்தனை வருஷம் யோசித்ததே இல்லை. நடுங்குகிற கையால் ஊற்றினால்தான் அப்படி வழியும். அவள் பயந்துபோனாள். பயந்ததைச் சொல்லத் தெரியாமல் சிரித்துவிட்டாள். ஒருமுறை சிரித்த பிறகு வேறு வழி தெரியாமல் சாகும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள். இது உண்மையா, நான் இப்போது வரைகிற படமா? கேட்க ஆளில்லை. ஆனால் திட்டு பொய் சொல்லாது.

"மேடம், பதினொன்னு இருபத்தி மூணு," என்கிறார் சற்குணம். அகலம், மூடல், அகலம். நிறுத்தம். குவி, குவி. மூடி நீள்கிறது. என் உதடுகள் தானாக அசைகின்றன. பஸ்ஸில் இப்படி அசைத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் இடம் மாறி உட்காருகிறார்கள். வா. வாம். வாம்மா. அதோ, அகலம், மூடல், அகலம். எவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது. வாம்மா. அப்புறம் குவிகிற இரண்டு. கு. கு. எது? குளிரும், கூட இரு, குட்டி. இல்லை. அவள் முதுகு என்ன சொல்கிறது? முள்ளை மடக்கியவள் என்ன சொல்லுவாள்? பிள்ளையின் முள் மடங்கவில்லை, அது இன்னும் சின்னது, அதற்கு மடக்கத் தெரியாது. தெரியாதது தெரிந்தே கூப்பிடுகிறாள். "வாம்மா. குத்தினா குத்தட்டும்." வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ரெஜினா போனை மடியில் கவிழ்த்து வைக்கிறாள். "இன்னொரு தரம் சொல்லுங்க மேடம்." "வாம்மா. குத்தினா குத்தட்டும்." சற்குணம் படத்தை ஓட்டி, திரையையும் என் வாயையும் மாறி மாறிப் பார்க்கிறார். "உக்காருது," என்கிறார், கொஞ்சம் எரிச்சலோடு. "கச்சிதமா உக்காருது. கடைசி ம்-ல சிரிப்பு வேற வருது. ஆனா மேடம், அடுத்த ஷாட்ல குட்டி முள்ளைப் பிடுங்குதே, அதுக்கு என்ன செய்வீங்க? அம்மா வான்னு கூப்பிட்டாச்சு, அது எதுக்குப் பிடுங்குது? படத்தை நாம மாத்த முடியாது." முடியாது. சந்தோஷம் டீயின் அடியில் தங்கிய சர்க்கரை மாதிரி அப்படியே நின்றுவிடுகிறது. குட்டி இழுக்கத்தான் செய்யும். கத்தத்தான் செய்யும். ஆந்தைகள் சிரிக்கத்தான் செய்யும். அதை வரைந்தவர் எதையும் மடக்கி வைக்கவில்லை. நான் முன்னும் பின்னும் தேடுகிறேன், பூச்சி கடித்தது என்று வைக்கலாமா, அரிக்கிறது என்று வைக்கலாமா, எல்லாம் ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கிறது.

"சத்தமில்லாம அதையும் போடுங்க அங்கிள்," என்கிறாள் பெனிட்டா. பன்னைக் கையில் வைத்துக்கொண்டு திரைக்கு ஒரு முழம் பக்கத்தில் போய் நிற்கிறாள். சற்குணம் ஓட்டுகிறார். குட்டி ஏதோ சொல்கிறது, முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோகிறது, ஒரு முள்ளைப் பிடிக்கிறது, வருகிறது. வாய் ஆ என்று திறக்கிறது. பிறகு அந்த முள்ளைத் தூக்கிப் பிடிக்கிறது, கண்ணெல்லாம் பெரிதாக, வாய் படபடவென்று அசைகிறது, ஆந்தைகள் சிரிக்கின்றன. பெனிட்டாவின் நாக்கு உள்ளேயிருந்து முன்பல்லைத் தள்ளுவது கன்னத்தில் தெரிகிறது. தள்ளுகிறாள், நிறுத்துகிறாள், தள்ளுகிறாள். "அவ பிடுங்கல மிஸ்," என்கிறாள். "பின்ன?" "அது ஆடிட்டிருந்துச்சு. தொட்டதும் விழுந்துடுச்சு. முதல் முள்ளு. பாருங்க, தூக்கிக் காட்டறா. பிடுங்கினா யாராச்சும் இப்படிக் காட்டுவாங்களா? எங்க கிளாஸ்ல லிடியா விழுந்த பல்லை இப்படித்தான் காட்டினா, பிரேயர்ல." "அப்ப ஆந்தை ஏன்டி சிரிக்குது?" என்று ரெஜினா கேட்கிறாள். கிண்டல் இல்லாமல் கேட்கிறாள். "அதுங்களுக்கும் சந்தோஷம். பெரியவளாயிட்டா இல்ல?" நான் எழுந்துவிட்டேன் என்பது நாற்காலி சுவரில் மோதின பிறகுதான் தெரிகிறது. ஆடினது. விழுந்தது. கடலுக்கு அப்பால் யாருக்கும் தோன்றாது இது, தோன்றினாலும் தாளில் ஏற்றியிருக்க மாட்டார்கள். காகிதம் எங்கே, என் மூக்குக்கண்ணாடி எங்கே, தலையில்தான் இருக்கிறது. "இரும்மா, ஒண்ணு ஆடுது." அது இழுக்கிறதற்கு முன்னால். அப்புறம் ஆ. அப்புறம், "விழுந்துடுச்சும்மா! என் முதல் முள்ளு விழுந்துடுச்சு!" உதடு? வி-க்குப் பல் உதட்டில் படும், குட்டிக்கும் படுகிறது. நடுவில் ம்மா, மூடுகிறது. முள்ளு, மூடுகிறது. உட்காரும், உட்காரும். சற்குணம் வசனத் தாளைத் தூக்கிக் காட்டுகிறார். "மேடம், கம்பெனிக்காரன் கேட்டா நான் என்ன சொல்றது? அங்க தமிழ் தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்தா?" "இந்த முள்ளு இதுக்கப்புறம் படத்துல எங்கயாவது வருதா?" "வரல." "இதைப் பத்தி யாராவது பேசறாங்களா?" "எங்க பேசறாங்க, நேரா ஆத்துக்குப் போயிடறாங்க." "அப்ப அவங்களே மறந்துட்டாங்க, சற்குணம். மறந்ததை நாம எடுத்துக்கலாம். கேட்டா என் பேரைச் சொல்லுங்க. கிழவி பிடிவாதம் பிடிச்சான்னு சொல்லுங்க." அவர் தாடையைச் சொறிகிறார். வேண்டாம் என்று அவர் சொன்னால் இந்தச் சின்னப் பெண் மறுபடி உள்ளே போய், பிடுங்கிடறேம்மா என்று நாலாவது தடவை தன் அம்மாவின் குரலுக்குப் பதில் சொல்ல வேண்டும். "ரெண்டு பேரும் உள்ள போங்க," என்கிறார் சற்குணம். "சேந்தே எடுத்துடலாம்."

நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி உட்காருகிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாவும் மகளும். பெனிட்டாவுக்கு மட்டும் ஏறி நிற்க ஒரு மரப்பெட்டி போட்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் ஹெட்போனை மாட்டும்போது ஒரே மாதிரிக் காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்குகிறார்கள், இதை இதுவரை நான் கவனித்ததில்லை. சிவப்பு விளக்கு. குட்டி கேட்கிறது. ரெஜினா திரையைப் பார்த்துத்தான் பேச வேண்டும், கற்றுக்கொண்ட தொழில் அது, திரையில் கண், தாளில் கண். அவள் பக்கத்தில் நிற்கிற பெண்ணைப் பார்த்துப் பேசுகிறாள். "வாம்மா. குத்தினா குத்தட்டும்." பார்க்காமலேயே உதட்டில் போய் உட்காருகிறது, முள் ஒவ்வொன்றாக மடங்குகிறது. பெனிட்டா தன் முறைக்கு அரை நொடி தாமதிக்கிறாள், குட்டியும் அங்கே அரை நொடி தாமதிக்கத்தான் செய்கிறது. "இரும்மா, ஒண்ணு ஆடுது." ஆ. "விழுந்துடுச்சும்மா! என் முதல் முள்ளு விழுந்துடுச்சு!" ச எல்லாவற்றிலும் காற்று விசில் அடிக்கிறது. ஸ்பிரிங் சத்தம், அசட்டுச் சத்தம், இப்போது பட்டாசு மாதிரி இருக்கிறது. ஆந்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாழ்த்துகின்றன. வசனம் முடிந்தது. டேக் ஓகே. ஆனால் பெனிட்டா நிறுத்தவில்லை. "இதை சன்ஷேடு மேல போடலாமா? அங்க அணில் வரும், அதுகிட்ட குடுக்கலாம், இன்னொண்ணும் ஆடுதும்மா, இங்க, தொட்டுப் பாரு, பயப்படாத, தொட்டுப் பாரேன்." திரையில் குட்டியின் வாய் எப்போதோ மூடிவிட்டது. ஆந்தைகள் பறந்துவிட்டன. கிளை தனியாக ஆடுகிறது. ரெஜினா மகளின் வாய்க்குள் விரலை விட்டுத் தொட்டுப் பார்க்கிறாள், மைக் திறந்திருக்கிறது என்பதையே மறந்து, "ஆமாண்டி!" என்கிறாள். உதட்டுக்கு வெளியே ஒரு எழுத்து வழிந்தாலும் கையைத் தூக்கி நிறுத்துவது என் வேலை, இருபது படமாக அதற்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். சற்குணம் திரும்பி என் கையைப் பார்க்கிறார். ஆறு வந்துவிட்டது, எல்லா மிருகங்களும் தண்ணீரில் இறங்குகின்றன, காடு முழுக்க அந்த இரண்டு பேரின் குரல். என் கை மடியிலேயே இருக்கிறது.